தாக்கோல் யார் கையில்?

மேடை அமைத்திட ஆட்கள் இருக்கின்றனர்; தோரணம் கட்டிட ஆட்கள் இருக்கின்றனர்; மாலை சூட்டிட, சூட்டிய மாலையை ஏற்றிட, ஒலிபெருக்கி முன் நின்று முழங்கிட வரிசை வரிசையாக ஆட்கள் இருக்கின்றனர். ஆனால், ஒரு சின்னஞ்சிறு கட்டடத்தின் கதவைத் திறந்து, தரையைப் பெருக்கி, நாளேடுகளை மேசையிலே அடுக்கி வைத்து, இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைத்துப் பூட்டிச் செல்ல ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், கூட்டம் கரைந்துவிடுகிறது! எவர் மீதும் பழி சுமத்த இதனைச் சொல்லவில்லை. கரைந்துபோன கூட்டத்திலே நானும் ஒருவன். பன்னிரண்டு ஆண்டுக் காலம் கரைந்திருந்தவன்.

குமரி மாவட்டத்துக் கருங்கல் என் ஊர். சென்ற ஆண்டு அங்கே ஒரு பொதுக்கூட்டம். பிறந்த ஊரிலே பேசுவதென்றால் பேச்சாளனுக்குத் தனிப் பூரிப்பு அல்லவா? எங்கள் பழைய படிப்பகத்தின் வாசலிலேதான் மேடை போட்டிருந்தார்கள். கம்பத்திலே கொடி புதியது. கதவிலே பூட்டுப் பழையது. அந்தப் பூட்டிய கதவு மக்கள் கண்ணில் படாதபடி பெரியதொரு பதாகை மறைத்துக்கொண்டிருந்தது. பதாகையிலே என் படம்! அன்று நான் எடுத்துக்கொண்ட தலைப்பு என்ன தெரியுமோ? 'அறிவே ஆயுதம்!' ஒரு மணி நேரம் முழங்கினேன். கையொலி எழுந்தது. மகிழ்ந்தேன்.

மேடையைவிட்டு இறங்கியபோது மூதாட்டி ஒருவர் வழிமறித்தார். முந்திரி ஆலையிலே, எங்கள் பக்கத்துப் பேச்சிலே சொன்னால் 'அண்டியாபீசிலே', முப்பது ஆண்டுகள் கொட்டை உடைத்துக் கறுத்துப்போன விரல்கள். அந்த விரல்களால் என் கையைப் பற்றிக்கொண்டு கேட்டார்:

"மக்களே, பேச்சு நல்லாத்தான் இருக்கு. இதுக்க தாக்கோலு ஆருக்க கையில இருக்கு?"

திறவுகோலை எங்கள் நாட்டிலே தாக்கோல் என்போம். ஆயிரம் பேர் முன்னிலையில் தடுமாறாத நாக்கு அந்த ஒரு கேள்வியின் முன்னே தடுமாறிற்று. தாக்கோல் யார் கையில் இருக்கிறது? எனக்குத் தெரியவில்லை. செயலாளரைக் கேட்டேன், பொருளாளரிடம் இருக்கும் என்றார். பொருளாளரோ வளைகுடா நாட்டுக்குச் சென்று ஆண்டு நான்காகிறது என்றார்கள். அறிவே ஆயுதம் என்று முழங்கியவனுக்கு ஆயுதக் கிடங்கின் தாக்கோல் எங்கே என்று தெரியவில்லை!

அந்தப் படிப்பகம் எப்படிப்பட்டது? ஓடு வேய்ந்த ஒற்றை அறை. இரண்டு வாங்கு, ஒரு மேசை, இரண்டு மர அலமாரி. மாளிகையன்று, ஆனால் எனக்கு அதுவே கல்லூரி. மெய்யான கல்லூரியை இடையிலே விட்டு வந்தவன் நான். படிப்பை விடாதிருந்தேன் என்றால் அதற்குக் காரணம் அந்த ஒற்றை அறைதான். பத்து வயதிலே காலை ஆறரை மணிக்கு அங்கே போய் நிற்பேன். வேலைக்குப் புறப்படும் கொத்தனார், ரப்பர் பால் வெட்டி முடித்துத் திரும்புபவர், பனையேறும் பெரியவர் எனப் பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருப்பார்கள். அவர்களிலே பாதிப்பேருக்கு எழுத்து தெரியாது. நாளேட்டை உரக்கப் படித்துக் காட்டுவது என் வேலை. 'ழ'கரம் வழுக்கினால் ஒரு பெரியவர் தடியால் தரையைத் தட்டுவார். மறுபடியும் படிக்க வேண்டும். என்னை மேடையேற்றியது அந்தத் தடியின் ஓசை!

இன்னொன்றும் கேளுங்கள். நம் ஏட்டை மட்டும் படித்துவிட்டு நான் எழுந்துவிட முடியாது. மாற்றாரின் ஏடும் மேசையிலே இருக்கும். அதனையும் உரக்கப் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் தச்சுவேலை செய்யும் பெரியவர் ஒருவர் கேட்பார்: 'அவன் சொல்வதற்கு நம் பதில் என்ன?' பதில் தெரிந்தவர் சொல்வார். தெரியாவிட்டால் எல்லோரும் மௌனமாக இருப்பார்கள். அந்த மௌனம் எனக்கு வெட்கத்தைத் தந்தது. வெட்கம் அலமாரியைத் திறக்க வைத்தது. மாற்றான் வாதத்தை அவன் சொற்களிலேயே கேட்டறியாதவன் மறுத்துரைக்கத் தகுதியற்றவன் என்பதை எனக்குக் கற்பித்தவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். உளி பிடித்த கையினர்.

இத்தகைய அறைகள் எங்கும் இருந்தன, தோழர்களே. 1949 செப்டம்பரிலே, இராயபுரம் ராபின்சன் பூங்காவிலே, கொட்டும் மழையிலே பிறந்த நம் இயக்கம் எதைக் கொண்டு வளர்ந்தது? பொருள் இருந்ததா? பத்திரிகை முதலாளிகள் துணை நின்றார்களா? இல்லை! தேநீர்க் கடை, முடிதிருத்தகம், படிப்பகம் என்ற மூன்று இடங்களிலே ஒருவர் படிக்க ஒன்பது பேர் கேட்டார்கள். கேட்ட ஒன்பது பேரும் ஊருக்குச் சென்று உரைத்தார்கள். பேச்சால் வளர்ந்த இயக்கம் என்று நம்மை எள்ளி நகையாடுவோர் உண்டு. பேச்சின் அடியிலே படிப்பு இருந்தது என்பதை அவர்கள் அறியார். நாமும் மறந்துவிட்டோம் என்பதுதான் வேதனை.

எங்கள் மண்ணிலே படிப்பகத்துக்கு இன்னுமொரு பொருள் உண்டு. 1949-இலே கருங்கல் சென்னை மாகாணத்திலே இல்லை, திருவிதாங்கூர்–கொச்சியிலே இருந்தது. தமிழ் வழங்கும் வட்டங்கள் தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று மார்ஷல் நேசமணியின் தலைமையிலே திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு போராடிற்று. 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும், எங்கள் ஊருக்குப் பக்கத்துப் புதுக்கடையிலும் துப்பாக்கி வெடித்தது. தமிழர் குருதி சிந்தினர். 1956 நவம்பர் 1-இல் தோவாளையும் அகத்தீசுவரமும் கல்குளமும் விளவங்கோடும் தமிழகத்தோடு இணைந்தன. அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியது நம் கட்சியன்று. அதனை மறைக்க வேண்டியதில்லை. உயிர் கொடுத்து மீட்ட மொழியை உட்கார்ந்து படிக்க ஓர் இடம் வேண்டாமா என்று அடுத்த தலைமுறை கேட்டது. அந்தக் கேள்விக்கு எங்கள் ஊர் தந்த விடையே ஓடு வேய்ந்த அந்த ஒற்றை அறை.

அப்படிப்பட்ட இடத்தைப் பூட்டியது யார்?

2010 செப்டம்பர் 15-இல் சென்னைக் கோட்டூர்புரத்திலே அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நவம்பரிலே, அதனைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அன்றைய அரசு அறிவித்தது. கொதித்தோம்! எழுத்தாளர்கள் குரல் எழுப்பினர், வாசகர்கள் திரண்டனர், உயர்நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் நிலைத்தது. நல்லது. ஆனால் கருங்கல் படிப்பகத்தை மாற்றச் சொல்லி எந்த அரசும் ஆணையிடவில்லையே! எந்த மாற்றானும் பூட்டு வாங்கி வரவில்லையே! பூட்டியவர்கள் நாம். அங்கே படித்து ஆளானவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினோம். ஒருவர் வளைகுடாவுக்கு, ஒருவர் சென்னைக்கு, ஒருவர் மேடைக்கு. கடைசியாகச் சென்றவர் கதவைச் சாத்திவிட்டுச் சென்றார். வழக்குத் தொடுப்பதென்றால் யார் மீது தொடுப்பது?

பூட்டியதால் என்ன குடி முழுகிற்று என்று கேட்பீர்கள். சொல்கிறேன். 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை குளச்சலையும் மணக்குடியையும் வாரிச் சுருட்டிய நாள். எனக்கு வயது பதினான்கு. செய்தி வந்த அரைமணியிலே எங்கள் படிப்பகத்திலே நாற்பது பேர் கூடினர். எவரும் அழைக்கவில்லை, எங்கே கூட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவே! நாளேடு விரிக்கும் மேசைமேல் அரிசி மூட்டை. வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்திலே, யார் குருதி கொடுப்பது, யார் வண்டி ஓட்டுவது, யார் பள்ளிக்கூடங்களிலே தங்கியிருப்போர்க்குச் சோறு கொண்டு செல்வது என்ற பட்டியல். எழுதியவன் நான்; கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால்.

2017 நவம்பர் இறுதியிலே ஒக்கிப் புயல் அடித்தது. ஆழ்கடலுக்குச் சென்ற தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் திரும்பவில்லை. குடும்பங்கள் குழித்துறைத் தண்டவாளத்திலே அமர்ந்து, 'எங்கள் பிள்ளைகள் எங்கே?' என்று கதறின. காணாமற்போனோர் பட்டியலைக் கடலோரத்துப் பங்குத் தந்தையர்களும் மீனவர்களும் வீடு வீடாகச் சென்று எடுத்தார்கள். அன்றும் எங்கள் ஊரிலே நல்ல உள்ளங்கள் இல்லாமற்போகவில்லை. ஆளுக்கொரு கைபேசி, ஆளுக்கொரு பதைப்பு, ஆளுக்கொரு பத்துச் செய்தி. கூடுவதற்கு மட்டும் இடம் இல்லை. நான் எங்கே இருந்தேன்? வடக்கே ஒரு நகரத்திலே, மேடையிலே, மீனவர் துயர் குறித்து மிக உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தேன். கையொலி எழுந்தது. அந்தக் கையொலியை எண்ணினால் இன்றும் எனக்குக் கூசுகிறது, தோழர்களே.

'அரசுதான் நூலகம் நடத்துகிறதே. கட்சிக்காரன் எதற்குப் பெருக்க வேண்டும்?' என்று கேட்பவர் உளர். நியாயமான கேள்வி. 1948-இலே சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றிற்று. விடுதலைக்குப் பின் இந்தியாவிலே வந்த முதல் நூலகச் சட்டம் அது. அதற்காக உழைத்தவர் நூலகத் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி அரங்கநாதனார். வீட்டுவரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். அதிலே நூலகங்கள் நடக்கின்றன. 2023 சூலை 15-இல் மதுரையிலே கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. பெருமைதான்! ஆயினும் எல்லையிலே வாழும் எங்களுக்கு இன்னொரு காட்சியும் தெரியும். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே 1945-இலே அம்பலப்புழையிலே பி. என். பணிக்கர், 47 நூலகங்களை ஒன்றுகூட்டித் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தைத் தொடங்கினார். இன்றும் அங்கே சிற்றூர் நூலகம் ஊராருடையது. ஊரார் உறுப்பினர், உறுப்பினர் தேர்ந்தெடுக்கும் குழு, அரசு தருவது உதவித்தொகை. சிறுவர்க்கு ஓர் அரங்கு, மகளிர்க்கு ஓர் அரங்கு. அங்கேயும் குறைகள் உண்டு. ஆனால் கதவு திறக்கவில்லையென்றால் 'ஏன் திறக்கவில்லை?' என்று கேட்கும் உரிமையும், தானே சென்று திறக்கும் கடமையும் ஊராருக்கு இருக்கிறது.

நம் பக்கத்திலே பாருங்கள். 2006-இலே தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் 12,618 ஊராட்சிகளையும் தொட்டது. ஊர்தோறும் நூலகம் என்பது அதன் பணிகளிலே ஒன்று. கட்டடம் எழுந்தது, நூல்கள் வந்தன. பின்னர் ஆட்சி மாறியபோது பல ஊர்களிலே அவை பூட்டிக் கிடந்தன. ஆட்சியைக் குறை கூறினோம், கூற வேண்டியதுதான். ஆனால் அந்தந்த ஊரிலே இருந்த நம் கிளைக் கழகத்திலே ஒருவர், 'மாலையிலே இரண்டு மணி நேரம் நான் திறந்து வைக்கிறேன்' என்று எத்தனை ஊரிலே சொன்னார்? அரசு கட்டடம் தரலாம், நூல் தரலாம், ஊதியமும் தரலாம். 'இது என்னுடையது' என்ற எண்ணத்தை எந்த அரசாணையும் தர இயலாது.

'கைபேசியிலே உலகமே வந்துவிட்டதே!' என்பார் இன்னொருவர். வந்துவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் கைபேசி எனக்குப் பிடித்ததையே எனக்குக் காட்டுகிறது. என் தலைவரைப் புகழ்வோர், என் மாற்றாரை இகழ்வோர் ஆகியோர் மட்டுமே உலகம் என நம்ப வைக்கிறது. படிப்பகத்து மேசையோ நான் வெறுக்கும் ஏட்டை என் கையிலே கொடுத்தது. எதிர்க்கட்சிக்காரரை என் பக்கத்து வாங்கிலே உட்கார வைத்தது. அந்த வாங்கு இல்லாததால்தான் இன்றைய இளைஞர் பலர் வசைபாட வல்லவராகவும், வாதாட வல்லமையற்றவராகவும் இருக்கின்றனர். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நமக்குக் கிடைத்த வாங்கை அவர்களுக்கு விட்டுவைக்காதவர்கள் நாம்.

ஆகவே திரும்பினேன். தாக்கோல் வளைகுடாவிலே இருந்ததால் பூட்டை உடைத்துத்தான் நுழைந்தோம்! இப்போது மாதம் ஐந்தாகிறது. ஏழு பேர், ஆளுக்கொரு மாலை. என் நாள் செவ்வாய். அந்த நாளிலே கூட்டத்துக்குத் தேதி கேட்டால் தருவதில்லை. சில ஊர்த் தோழர்களுக்கு என்மீது வருத்தம் உண்டு. இக்கட்டுரையே அவர்களுக்கு என் விளக்கம்.

திரும்புவது என்றால் என்னவென்று நான் எண்ணியிருந்தேனோ, அது வேறு, நடந்தது வேறு. பழைய காட்சி மீளும் என எண்ணினேன். காலை ஆறரைக்குப் போய்க் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். எவரும் வரவில்லை. கொத்தனார் கைபேசியிலே செய்தி கேட்டுக்கொண்டே வண்டியிலே போய்விட்டார். தடி தட்டிய பெரியவர் மறைந்து ஆண்டுகள் பலவாகின்றன. அலமாரியைத் திறந்தால் கறையான். மூன்று மாலைகள் வெறுமையாகக் கழிந்தன. நான்காம் மாலை இரு பெண்கள் வந்தார்கள். அண்ணாவின் நூலா கேட்டார்கள்? இல்லை. 'அரசுத் தேர்வாணையத் தேர்வுக்குப் புத்தகம் இருக்கிறதா? வீட்டிலே படிக்க இடமில்லை. இங்கே ஏழரை வரை இருக்கலாமா?' என்றார்கள். எனக்குச் சற்று ஏமாற்றம். புரட்சிக்குப் பட்டறை திறந்தால் எழுத்தர் வேலைக்கு அல்லவா ஆள் வருகிறது என்று எண்ணினேன். அன்றிரவு வீடு திரும்பும் வழியிலேதான் என் அறிவீனம் எனக்குப் புரிந்தது.

என் அக்காள் நினைவுக்கு வந்தார். எங்கள் படிப்பகத்தின் புகழையெல்லாம் பாடினேனே, ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அந்த அறைக்குள்ளே பெண்கள் வந்ததில்லை. வரக்கூடாது என்று எழுதி வைக்கவில்லை. எழுதாத சட்டம் அது. அக்காள் வேலிக்கு வெளியே நிற்பார். நான் நூலை எடுத்து வந்து கொடுப்பேன். படித்துவிட்டு மறுநாள் தருவார். என் பெயரிலே பதிவேட்டில் இருக்கும் நூல்களிலே பாதி அவர் படித்தவை. என் முதல் நாடகத்தின் உரையாடலைத் திருத்தித் தந்தவரும் அவரே. பெண்ணுரிமை பேசும் ஏடுகளை உரக்கப் படித்த அறைக்கு வெளியே ஒரு பெண் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்! தம்பி பேச்சாளன் ஆனான். அக்காள் அடுப்படியிலே நின்றுவிட்டார். தேர்வுக்குப் படிக்க வந்த அந்த இரு பெண்கள், வேலியைத் தாண்டி உள்ளே வந்தவர்கள். அதனைவிடப் பெரிய புரட்சிக்கு எந்தப் பட்டறை வேண்டும்?

எனவே, வளர்த்த இடத்துக்குத் திரும்புகிறவன் தன் குழந்தைப் பருவத்தைத் தேடிப் போகக்கூடாது. அது கிடைக்காது. அந்த இடம் தனக்குச் செய்ததை இன்று வருபவர்க்குச் செய்ய வேண்டும்; தன் காலத்திலே அது செய்யத் தவறியதையும் செய்ய வேண்டும். அதுவே நன்றி. மற்றதெல்லாம் நினைவுக் கொண்டாட்டம்.

பூசலும் வந்தது, மறைப்பானேன்? மாற்றுக் கட்சி ஏடுகளுக்கும் சந்தா கட்டினோம். மூத்தவர் ஒருவர் சினந்தார்: 'நம்மை நாள்தோறும் ஏசுகிறவனுக்கு நம் காசா?' அவர் சிறை கண்டவர்; அவர் கோபத்திலே உண்மை உண்டு. நான் சொன்னேன்: 'ஐயா, பத்து வயதிலே அந்த ஏட்டை எனக்குப் படிக்கக் கொடுத்தவரே தாங்கள்தானே!' அவர் சிரிக்கவில்லை. ஒரு வாரம் வரவில்லை. எட்டாம் நாள் வந்து, மாற்றாரின் ஏட்டையே முதலில் எடுத்துப் பிரித்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'இவன் சொல்வதற்கு நம் பதில் என்ன?' என்றார். அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். அவர்களிலே மூவர் பெண்கள். ஒரு பெண்தான் பதில் சொன்னாள். அரைகுறையான பதில்தான், பெரியவர் தரையைக் காலால் தட்டினார். மறுபடியும் சொன்னாள்.

தோழர்களே! உங்களிலே ஒவ்வொருவரையும் ஏதோ ஓர் அறை வளர்த்திருக்கும். படிப்பகமாக இருக்கலாம், இரவுப் பள்ளியாக இருக்கலாம், தேவாலயத்து மாலை வகுப்பாகவோ, நாடக மன்றமாகவோ, சிலம்பக் கூடமாகவோ இருக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தலைமை தாங்கப் போகாதீர்கள். பொன்னாடை பெறப் போகாதீர்கள். ஆண்டு விழாவிலே 'நான் வளர்ந்த இடம்' என்று கண்கலங்கிப் பேசிவிட்டு அடுத்த வண்டி ஏறாதீர்கள். கருங்கல் மூதாட்டி என்னிடம் கேட்டதை நீங்கள் ஊராரிடம் கேளுங்கள்: தாக்கோல் யார் கையில்? ஒருவர் கையிலும் இல்லையென்றால், வாரத்திலே ஒரு மாலை உங்கள் கையிலே இருக்கட்டும்.

எங்கள் தாக்கோலுக்கு இப்போது இரண்டு படிகள். ஒன்று ஏழு பேர் கையிலும் முறைவைத்துச் சுற்றி வருகிறது. மற்றொன்று, அந்த மூதாட்டியின் பேத்தியிடம் இருக்கிறது. தேர்வுக்குப் படிக்க வந்தவள் அவள். தடுமாறித் தடுமாறிப் பதில் சொன்னவளும் அவளே. வரும் செவ்வாய் நான் சற்றுத் தாமதமாகப் போனாலும் கதவு திறந்திருக்கும்.